செடெனாக்: தோட்டத் தமிழ் முதியோரின் ஆரோக்கியம்

மலேசியாவின் ஜொகூர் மாநிலத்து கூலாய் மாவட்டத்தில், ரப்பரும் பின்னர் செம்பனையும் சூழ வளர்ந்த ஊர் செடெனாக். பயணச்செலவைப் பிறர் ஏற்றுத் தொழிலாளரை அனுப்பும் உதவிக்குடியேற்றத்தை இந்தியா 1938இல் தடைசெய்வதற்கு முன் மலாயாத் தோட்டங்களுக்குக் கப்பலேறியவர்களின் சந்ததியாரே இவ்வட்டாரத்துத் தோட்டத் தமிழ் முதியோரில் பெரும்பாலோர்.

இவர்களது தேக நலத்தை ஆராயப் புகுவோர், இல்லமும் உத்தியோகமும் ஒன்றோடொன்று பிணைந்திருந்த தோட்ட வாழ்க்கையை முதலில் கருத வேண்டும். வரிசையாய் அமைந்த லயத்து வீடும் குடிநீரும் 'டிரெசர்' எனப்பட்ட தோட்ட மருத்துவ உதவியாளர் தந்த மருந்தும், அண்டை அயலாரும் கோயிலும் நிர்வாகத்தின் எல்லைக்குள்ளேயே அடங்கியிருந்தபடியால், வேலை ஓய்ந்த நாளில் ஒருவர் கூலியை மட்டுமல்லாது, வீட்டையும், நோயுற்றால் எட்டிப்பார்க்கும் அயலாரையும் ஒருங்கே இழக்க நேர்ந்தது. இந்தக் கடைசி நஷ்டமே மிகக் கொடிது எனலாம். 'தாமான்' எனப்படும் குடியிருப்புகளுக்குப் பெயர்ந்த முதியவருக்கு, அரசாங்க கிளினிக்குக்குப் போய்ச்சேரும் வாகனச் செலவே பாரமாகும்.

இவர்களது நலக்குறைவுக்குத் தனிப்பட்ட காரணங்களும் உண்டு. விடியுமுன் மரம் சீவப் புறப்பட்ட பெண்டிரின் முழங்கால் நோவும், ஆடவரிற் பலரைப் பற்றிய கள்ளுப் பழக்கமும், சொற்பச் சேமிப்பும், கைம்மையும் விருத்தாப்பியத்தில் ஒன்றுசேர்ந்து வருத்துவன. 2019ஆம் ஆண்டின் தேசிய சுகாதார ஆய்வில், மலேசியாவின் முக்கிய இனங்களுள் நீரிழிவு இந்தியரிடையே மிகுதியாகக் காணப்பட்டது. இதனைப் பரம்பரையின்மீது மட்டும் சுமத்துவது சோம்பலான தர்க்கம். உணவும் வருமானமும் வசிப்பிடமும் அதில் பங்குடையன.