தோரணம் கட்டிய வீடு

ஞாயிற்றுக்கிழமை இரவு ஒன்பது மணிக்கு நாங்கள் ஏழு பேர் வீடியோ காலில் கூடுவோம். ஒருவர் பாட்டை மெதுவாக வாசிப்பார். இன்னொருவர் பதம் பிரித்து மறுபடி வாசிப்பார். அதன் பிறகு ஒரு மௌனம் வரும். எல்லோருடைய மைக்கும் மூடியிருக்கும். யாராவது பேசட்டும் என்று ஒவ்வொருவரும் காத்திருப்போம். கடைசியில் ஒருவர் மைக்கைத் திறந்து, "எனக்கு இது சுத்தமா புரியல" என்பார். அன்றைய வாசிப்பு உண்மையில் அந்த இடத்தில்தான் தொடங்கும்.

முதலில் 'மனோன்மணீயம்' படித்தோம். அது சுலபமாக இருந்தது. சுந்தரம் பிள்ளை 1891இல் வெளியிட்ட அந்தக் கவிதை நாடகம் மேடையை நம்பி எழுதப்பட்டதல்ல, படிப்பதற்காகவே எழுதப்பட்டது. பாத்திரங்களைப் பங்கு போட்டுக்கொண்டோம். சூழ்ச்சிக்கார அமைச்சன் குடிலனுக்குத்தான் போட்டி அதிகம். அந்த உற்சாகத்தில் அடுத்து சீவக சிந்தாமணியை எடுத்தோம். மூவாயிரத்துச் சொச்சம் பாடல்கள். வாரம் பத்துப் பாட்டு என்று கணக்குப் போட்டால் ஆறு வருஷம். "இது பிராஜெக்ட் இல்ல, ஆயுள் தண்டனை" என்றார் ஒரு நண்பர். ஆனாலும் யாரும் விலகவில்லை.

மூன்றாவது வாரமே திணறிவிட்டோம். சொற்களுக்கு அகராதி இருக்கிறது, இணையத்தில் உரையும் கிடைக்கிறது. ஆனால் சமண சமயத்தின் ஒரு கருத்து வந்தால் சொல்லின் பொருள் தெரிந்தும் பாட்டு திறக்க மறுக்கிறது. அப்போதுதான் உ.வே.சாமிநாதையரின் 'என் சரித்திரம்' நூலை மறுபடி எடுத்தேன். கல்லூரிக் காலத்தில் படித்தபோது ஓலைச்சுவடி தேடி ஊர் ஊராக அலைந்த ஒரு மனிதரின் சாகசக் கதையாகத்தான் அதைப் படித்திருந்தேன். இந்த முறை வேறொன்று கண்ணில் பட்டது. அந்தப் புத்தகம் முழுக்க மனிதர்கள் சேர்ந்து உட்கார்ந்து படித்துக்கொண்டே இருக்கிறார்கள்.

1880 அக்டோபர் 21, வியாழக்கிழமை. கும்பகோணம் கல்லூரியில் தமிழாசிரியராகச் சேர்ந்து சில மாதங்களே ஆன சாமிநாதையர், ஊருக்குப் புதிதாக வந்திருந்த முன்சீப் சேலம் இராமசாமி முதலியாரைப் பார்க்கப் போகிறார். ஐயருக்கு அப்போது 25 வயது. மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் பாடம் கேட்டவர். என்னென்ன படித்திருக்கிறீர்கள் என்று முதலியார் கேட்கிறார். அந்தாதி, பிள்ளைத்தமிழ், கோவை, புராணம் என்று ஐயர் அடுக்கிக்கொண்டே போகிறார். முதலியார் அசையவில்லை. இதெல்லாம் சரி, இவற்றுக்கு முந்தைய நூல்கள் ஏதாவது படித்ததுண்டா என்கிறார். சிந்தாமணி, மணிமேகலை, சிலப்பதிகாரம் என்று பெயர்களைச் சொல்கிறார். ஐயர் அவற்றைப் படித்ததில்லை.

இந்தக் காட்சியை எல்லோரும் தமிழ்ப் பதிப்பு வரலாற்றின் திருப்புமுனையாகச் சொல்வார்கள். நியாயம்தான். ஆனால் அன்று அந்த அறையில் நடந்தது வேறு. இவ்வளவு படித்த ஒருவர், படிக்கவில்லை என்று ஒப்புக்கொள்ள வேண்டிவந்தது. வேலைக்கு எடுக்கும் நேர்காணல்களில் நான் மேசையின் இரண்டு பக்கமும் உட்கார்ந்திருக்கிறேன். "தெரியாது" என்று சொல்லத் தெரிந்தவர்கள் அங்கே மிகக் குறைவு.

பிறகு முதலியார் தன்னிடமிருந்த சிந்தாமணிப் பிரதியைக் கொடுக்கிறார். இருவரும் சேர்ந்து படிக்கத் தொடங்குகிறார்கள். மூல ஆசிரியர் திருத்தக்கதேவர் சமண முனிவர். நச்சினார்க்கினியர் உரை இருக்கிறது. ஆனால் உரையே சமணக் கருத்துகளைத் தெரிந்தவருக்குச் சொல்வதுபோலத்தான் பேசுகிறது. சைவ மடத்தின் நிழலில் தமிழ் படித்த ஐயருக்கு அது வேற்று நாடு.

ஓலையைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஓலையில் பெரும்பாலும் மெய்யெழுத்துக்குப் புள்ளி இருக்காது, புள்ளி குத்தினால் ஓலை கிழியும். எகரத்துக்கும் ஏகாரத்துக்கும் வடிவ வேறுபாடு கிடையாது. காலும் ரகரமும் ஒரே மாதிரி இருக்கும். சொற்களுக்கு இடையே இடைவெளி இல்லை. பாட்டு எங்கே முடிகிறது, உரை எங்கே தொடங்குகிறது என்பதுகூட சில ஏடுகளில் தெரியாது. என் தொழில் மொழியில் சொன்னால், தரவு இருக்கிறது, அதை விரிக்கும் சாவி ஏட்டில் இல்லை. சாவி படிப்பவரின் காதிலும் நினைவிலும் இருந்தது. தெரிந்தவர் பக்கத்தில் உட்கார்ந்து வாசித்துக் காட்டினால்தான் ஏடு பேசும். அந்தக் காலத்தில் "பாடம் கேட்டேன்" என்று சொன்னார்கள். படித்தேன் என்பதைவிடக் கேட்டேன் என்பதே பொருத்தமான வினை.

கும்பகோணத்திலேயே சமணக் குடும்பங்கள் இருக்கின்றன என்று ஐயருக்குத் தெரியவருகிறது. தேடிக்கொண்டு போகிறார். போன வீட்டு வாசலில் தோரணம் கட்டியிருக்கிறது. வீட்டில் என்ன விசேஷம் என்று விசாரிக்கிறார். கல்யாணமோ காதுகுத்தோ இல்லை. சிந்தாமணியைப் படித்துக்கொண்டு வந்தார்கள், அன்று அது பூர்த்தியாகியிருக்கிறது. அதைத்தான் கொண்டாடிக்கொண்டிருந்தார்கள்.

இந்த இடத்தில் புத்தகத்தை மூடிவைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா இருந்தேன். ஒரு பக்கம், தமிழ் படித்த உலகம் சிந்தாமணியை ஏறக்குறைய மறந்திருக்கிறது. சேக்கிழார் பெரியபுராணம் பாடியதே, சிந்தாமணியில் மயங்கிக் கிடந்த சோழ மன்னனை மீட்கத்தான் என்று சேக்கிழார் புராணம் சொல்கிறது. அந்த அளவுக்குச் சைவர்களிடையே அதன் மீது விலக்கம் இருந்தது. இன்னொரு பக்கம், அதே ஊரில், சில தெருக்கள் தள்ளி, ஒரு வீட்டில் அது உரக்க வாசிக்கப்பட்டு, கேட்கப்பட்டு, முடிந்ததற்குத் தோரணமும் கட்டியிருக்கிறார்கள். அந்த வீட்டைப் பொறுத்தவரை சிந்தாமணி தொலையவே இல்லை. தொலைத்தவர்கள் மற்றவர்கள்.

அங்கிருந்த சந்திரநாத செட்டியார், வீடூர் அப்பாசாமி நயினார் போன்றவர்களிடம் ஐயர் தன் சந்தேகங்களைக் கேட்கிறார். கல்லூரியில் வகுப்பெடுக்கும் ஆசிரியர் இங்கே மாணவர். பதிலுக்கு அவர்களிடமிருந்து அவருக்கு ஒரு பெயரும் கிடைக்கிறது: பவ்ய ஜீவன். வீடுபேற்றுக்குத் தகுதியுள்ள உயிரைச் சமணர்கள் அப்படிச் சொல்வார்கள். வேற்றுச் சமயத்தவருக்கு இதைவிடப் பெரிய வரவேற்பை அவர்கள் தந்திருக்க முடியாது.

நச்சினார்க்கினியரைப் பற்றியும் இப்படி ஒரு கதை வழங்குகிறது. அவர் முதலில் எழுதிய சிந்தாமணி உரையைச் சமணர்கள் ஏற்கவில்லையாம். அவர் சித்தாமூருக்குப் போய், சமணர்களோடு இருந்து, அவர்கள் நூல்களைக் கற்று, மறுபடி எழுதினாராம். செவிவழிக் கதைதான். ஆனால் இந்த நூலைத் தனியாகப் படித்துவிட முடியாது என்பது எத்தனையோ தலைமுறைக்கு முன்பே தெரிந்திருக்கிறது என்பதை அந்தக் கதை சொல்லிவிடுகிறது.

1887இல் சிந்தாமணி அச்சில் வந்தது. சைவர் ஒருவர் சமண நூலைப் பதிப்பிப்பதா என்று எதிர்ப்பும் வந்தது. ஐயர் நிறுத்தவில்லை. 1892இல் சிலப்பதிகாரம், 1894இல் புறநானூறு, 1898இல் மணிமேகலை.

மணிமேகலையில்தான் கதை மாறுகிறது. ஏடு கிடைத்தது. பழைய உரை கிடையாது. அதைவிடப் பெரிய சிக்கல், அது எந்தச் சமய நூல் என்பதே முதலில் பிடிபடவில்லை. சிந்தாமணிக்கு இருந்ததுபோல, வருஷா வருஷம் மணிமேகலையை வாசித்துத் தோரணம் கட்டும் வீடு எதுவும் அவருக்குத் தெரிந்து இல்லை. கல்லூரியில் உடன் பணியாற்றிய மளூர் ரங்காசாரியார்தான் இது பௌத்தம் என்று அடையாளம் கண்டு, பௌத்தம் பற்றிய ஆங்கில நூல்களைப் படித்து விளக்கி உதவுகிறார். ஒரு தமிழ்க் காப்பியத்தின் பொருள், கடல் கடந்து ஆங்கிலத்தில் சுற்றிவந்து, கும்பகோணத்தில் இரண்டு நண்பர்களின் உரையாடலில் மறுபடி தமிழுக்குத் திரும்பியது. வாசகருக்குப் பௌத்தம் புரிய வேண்டும் என்று புத்தர் வரலாற்றையும் தருமத்தையும் சங்கத்தையும் பற்றி ஐயரே எழுதிச் சேர்த்தார்.

இரண்டு காப்பியங்களும் ஓலையில் பிழைத்துத்தான் கிடந்தன. ஒன்றுக்கு மட்டும் வாசிப்பவர்களும் பிழைத்திருந்தார்கள். சர்வர் வேலை பார்ப்பவர்களுக்கு ஒரு பாடம் உண்டு: ஒருமுறையாவது மீட்டெடுத்துப் பார்க்காத பேக்கப்பை நம்பாதே. சிந்தாமணியை அந்த வீடு திரும்பத் திரும்ப மீட்டுக்கொண்டே இருந்தது. மணிமேகலையை மீட்க ஆளில்லை.

இத்தோடு கட்டுரையை முடித்திருப்பேன். எங்கள் குழுவில் இதைச் சொன்னபோது ஒரு தோழி குறுக்கிட்டார். "ஆளில்லன்னு யார் சொன்னது? அவருக்குத் தெரிஞ்ச வீடுகள்ல இல்ல, அவ்வளவுதானே?" என்றார். பிறகு, "1898னா அயோத்திதாசர் ஞாபகம் வரலையா?" என்று கேட்டார்.

எனக்கு வரவில்லை. அதுதான் உண்மை.

மணிமேகலை அச்சேறிய அதே 1898இல்தான் அயோத்திதாசப் பண்டிதர் கர்னல் ஆல்காட்டின் துணையோடு கொழும்புக்குப் போய்ப் பௌத்தம் ஏற்கிறார். திரும்பி வந்து சென்னையில் சாக்கிய பௌத்த சங்கத்தை நிறுவுகிறார். 1907இல் தொடங்கிய தன் 'ஒரு பைசாத் தமிழன்' இதழில் பழைய தமிழ் நூல்களைப் பௌத்த நூல்களாக வாசித்து எழுதிக்கொண்டே இருந்தார். தீண்டாமைக்கு ஆளாக்கப்பட்ட தன் மக்கள்தான் பழைய தமிழ்ப் பௌத்தர்கள் என்பது அவர் வாதம். தன் பாட்டனார் கந்தப்பன் திருக்குறள் ஏட்டை ஆரிங்டன் துரை வழியாக எல்லிஸிடம் சேர்த்தார் என்றும் எழுதியிருக்கிறார். அவருடைய முடிவுகள் எல்லாவற்றையும் ஆய்வாளர்கள் ஏற்பதில்லை. ஆனால் தன் வீட்டில் ஏடு இருந்தது, படிப்பு இருந்தது, அதைக் கேட்க யாரும் வரவில்லை என்ற அந்தக் குரலைத் தள்ளிவிட முடியாது.

கும்பகோணத்தில் ஒரு பிராமண ஆசிரியர் சமணர் வீட்டுக்குப் போய்ச் சந்தேகம் கேட்டது பெரிய விஷயம்தான். அன்றைக்கு அதற்கும் துணிச்சல் வேண்டியிருந்தது. ஆனால் ஊரில் அவர் போகக்கூடிய தெருக்களும் போக முடியாத தெருக்களும் இருந்தன. யாரும் யாரையும் தேடிப்போய்க் கேட்கலாம் என்ற ஊர் அன்று இல்லை. அதனால் மணிமேகலைக்கு வாசகர்கள் இருந்தார்களா என்ற கேள்விக்கு, எந்தத் தெருவில் தேடினோம் என்று முதலில் சொல்லிவிட்டுத்தான் பதில் சொல்ல வேண்டும். ராயப்பேட்டையில் கூடிய பௌத்தர்களும் கும்பகோணத்து நண்பர்களும் ஒரே காலத்தில்தான் தமிழ்ப் பௌத்தத்தைத் தேடிக்கொண்டிருந்தார்கள். ஒரே மேசையில் உட்கார்ந்து தேடியிருந்தால் என்னவெல்லாம் கிடைத்திருக்கும் என்று இப்போது கற்பனைதான் செய்ய முடியும்.

எங்கள் ஏழு பேரில் நான்கு பேர் பெண்கள். சாதி, ஊர், படிப்பு எல்லாம் வேறு வேறு. எங்களில் ஒருவர் மட்டும்தான் முறையாகத் தமிழ் இலக்கியம் படித்தவர். 1880இல் நாங்கள் ஏழு பேரும் ஒரு திண்ணையில் சேர்ந்து உட்கார்ந்திருக்க முடியாது. வீடியோ காலில் திண்ணை இல்லை என்பதில் எனக்கு இழப்புணர்ச்சி எதுவும் கிடையாது. ஆனால் நம் அழைப்பு யாருக்குப் போகிறது என்பது இப்போதும் தெரிந்தவர்களுக்குத் தெரிந்தவர்கள் என்ற கணக்குத்தான். தோழி கேட்ட கேள்வி எனக்கு இதைத்தான் உணர்த்தியது. அவர் அன்று வராமல் இருந்திருந்தால், ஆளில்லை என்ற வரியோடு இந்தக் கட்டுரையை அனுப்பியிருப்பேன்.

அடுத்த வாரமே ஒரு வேலை செய்தோம். தமிழ்ச் சமணர்கள் இன்றும் வடமாவட்டங்களில் வாழ்கிறார்கள். அந்தச் சமூகத்தைச் சேர்ந்த, ஆசிரியராக இருந்து ஓய்வுபெற்ற பெரியவர் ஒருவரை நண்பர் ஒருவர் கண்டுபிடித்தார். நாங்கள் திணறிய பாட்டுகளின் பட்டியலை அனுப்பினோம். மறு ஞாயிறு அவரே காலில் வந்தார். கேமராவை எப்படித் திருப்புவது என்று தெரியாமல் முதல் பத்து நிமிஷம் கூரையைத்தான் காட்டினார். பிறகு பாட்டைச் சொல்லச் சொன்னார். நாங்கள் மூன்று வாரம் முட்டிக்கொண்ட இடத்தை, தன் வீட்டில் தினசரி புழங்கும் ஒரு சொல்லை விளக்குவதுபோல நாலு வாக்கியத்தில் சொல்லி முடித்தார்.

யாரோ நன்றி சொன்னோம். "அதெல்லாம் இருக்கட்டும் தம்பி, முழுசா முடிப்பீங்களா?" என்று கேட்டார்.

முடிப்போம் ஐயா என்றோம். ஆறு வருஷம் ஆகும் என்பதையும் சொன்னோம். அவர் சிரித்துவிட்டு, "முடிக்கிற அன்னைக்குச் சொல்லுங்க" என்றார்.

இன்னும் இரண்டாயிரத்துத் தொள்ளாயிரம் பாட்டுக்கு மேல் பாக்கி இருக்கிறது. முடிகிற அன்று ஏழு பேரும் அவரவர் வீட்டு வாசலில் மாவிலைத் தோரணம் கட்டுவது என்று இப்போதே பேசி வைத்திருக்கிறோம். பக்கத்து வீட்டுக்காரர் என்ன விசேஷம் என்று கேட்டால், என்ன பதில் சொல்ல வேண்டும் என்றும் தெரியும்.