விராலடிப்பானும் தூண்டிற்காரரும்

மீனை உண்டு வாழும் பறவைக்கும், மீனைப் பிடித்து மகிழும் மனிதனுக்கும் இடையே நெடுங்காலமாக ஒரு வழக்கு நடந்து வருகிறது. நீரில் நீந்தும் மீன் யாருக்கு உரியது என்பதே அவ்வழக்கு. அதனைக் கேட்டுத் தீர்ப்புக் கூற நடுவர் எவரும் இலர். எனினும், ஸ்காட்லாந்து நாட்டில் அவ்வழக்கு நடந்த வரலாற்றை நோக்கின், நாம் எண்ணிப் பார்ப்பதற்குரிய செய்திகள் பல உள்ளன. அங்கு வழக்காடிய பறவை நமக்கும் புதியதன்று. குளிர்காலத்தில் நம் நாட்டு ஏரிகளையும் கழிமுகங்களையும் நாடி வரும் விராலடிப்பான் இனமே அது.

இப்பறவையின் உணவு ஏறக்குறைய முழுவதும் மீனே. அதன் உடலமைப்பும் அத்தொழிலுக்கென்றே வாய்த்தது. பாதங்களின் அடியில் முள் போன்ற சொரசொரப்பு உண்டு; வெளிவிரலைப் பின்புறமாகத் திருப்பி, முன்னிரண்டு பின்னிரண்டாக விரல்களை வைத்து வழுக்கும் மீனைப் பற்றிக்கொள்ளும். பிடித்த மீனின் தலை முன்னோக்கி இருக்குமாறு ஏந்திப் பறப்பது அதன் வழக்கம். அவ்வாறு செய்தால் காற்றின் தடை குறையும் அன்றோ!

ஸ்காட்லாந்தின் ஆறுகளிலும் ஏரிகளிலும் வாழும் டிரவுட் மீனைச் செயற்கை ஈ கட்டிய தூண்டிலால் பிடிப்பது ஒரு கலையாகவே போற்றப்படுகிறது. பல மணி நேரம் நீரில் நின்றும் ஒரு மீனும் அகப்படாத தூண்டிற்காரரின் கண்ணெதிரே, விராலடிப்பான் வானில் ஒரே இடத்தில் சிறகடித்து நிற்கும். பின்னர்க் கால்களை முன்னே நீட்டி நீருக்குள் பாயும். நொடிப்பொழுதில் மீனுடன் எழும். எல்லாப் பாய்ச்சலும் பலிப்பதில்லை. ஆயினும் பலித்த பாய்ச்சலைக் கண்டவர் இரண்டில் ஒன்றுதான் செய்வர்: ஒன்று வியப்பர், அன்றேல் வெகுள்வர்.

முற்காலத்தில் வெகுண்டவரே மிகுதி. 1566ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் இயற்றப்பட்ட சட்டம் ஒன்று, தீங்கு செய்வன என்று கருதிய உயிர்களின் தலைகளுக்குப் பரிசுப் பணம் வழங்கியது. விராலடிப்பானும் அப்பட்டியலில் இடம்பெற்றது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஸ்காட்லாந்தின் மலைநாடு செல்வர்களின் வேட்டைக்களமும் மீன்பிடிக்களமும் ஆயிற்று. 1863இல் அவிமோர் வழியாக இருப்புப் பாதையும் அமைந்தது. மீனைக் காப்பதற்கென அமர்த்தப்பட்ட காவலரின் துப்பாக்கிக்குப் பறவை இரையாயிற்று.

ஆனால், அதனை அழித்தது பகை மட்டுமன்று. ஆசையும் அழித்தது என்பதே இவ்வரலாற்றின் வியப்பு. பறவை அரிதாக அரிதாக, அதன் முட்டைக்கும் பாடம் செய்த உடலுக்கும் விலை ஏறியது. 1850ஐ ஒட்டிய ஆண்டுகளில் லூயிஸ் டன்பார் என்பவர் ஐலீன் ஏரியின் குளிர்ந்த நீரில் நீந்திச் சென்று, நடுவேயுள்ள பாழடைந்த கோட்டையின் மீதிருந்த கூட்டினைக் கொள்ளையிட்டார். நிலக்கிழார் சிலர் பறவைக்குக் காவலிட்டதும் உண்டு. அவருள் இருவருக்கு லண்டன் விலங்கியல் கழகம் 1893இல் பதக்கம் வழங்கிச் சிறப்பித்தது. எனினும் காலம் கடந்துவிட்டது. 1916ஆம் ஆண்டிற்குப் பின் அந்நாட்டில் விராலடிப்பான் குஞ்சு பொரித்ததாக உறுதியான செய்தி நெடுங்காலம் இல்லை.

1954இல் ஓர் இணை கார்ட்டன் ஏரியை அடுத்த காட்டில் கூடு கட்டிக் குஞ்சு பொரித்தது. பறவைகளைக் காக்கும் அரச சங்கத்தார் இடத்தை மறைத்து வைத்துக் காவல் காத்தனர். 1958 ஜூன் மாதத்தில் ஓர் இரவு, நள்ளிரவுக்குப் பின், திருடன் ஒருவன் மரமேறினான். காவலர் துரத்த, அவன் இருளில் ஓடி மறைந்தான். கூட்டில் இருந்தவை காலணி மெருகு பூசிய கோழிமுட்டைகள்! பறவையின் முட்டைகளோ மரத்தடியில் உடைந்து கிடந்தன.

மறைத்தது பயன் தரவில்லை. இனி என் செய்வது? அச்சங்கத்தின் ஸ்காட்லாந்துப் பொறுப்பாளர் ஜார்ஜ் வாட்டர்ஸ்டன் துணிவான ஒரு முடிவு செய்தார். 1959இல் கூட்டின் இருப்பிடத்தை உலகறிய வெளியிட்டு, தொலைவிலிருந்து காண மக்களை அழைத்தார். அவ்வாண்டு வந்தவர் ஏறத்தாழ 14,000 பேர். மூன்று குஞ்சுகள் சிறகு முளைத்துப் பறந்தன. பலர் கண்ணும் படும் இடத்தில் திருடனுக்கு இடமேது? இன்று பிரிட்டனில் 200க்கும் மேற்பட்ட இணைகள் கூடு கட்டுகின்றன.

தூண்டிற்காரர் நிலை யாது? ராத்திமர்க்கஸ் பண்ணையில் வளர்க்கப்படும் டிரவுட் மீனைப் பறவை கவர்வதைப் படம் பிடிக்க மக்கள் கட்டணம் செலுத்தி வருகின்றனர். இங்கிலாந்தின் ரட்லண்டு நீர்த்தேக்கம் டிரவுட் மீன்பிடிப்புக்குப் பெயர் பெற்றது. 1996 முதல் 2001 வரை ஸ்காட்லாந்துக் குஞ்சுகளை அங்குக் கொணர்ந்து பறக்கவிட்டனர். 2001இல் அங்கேயே ஓர் இணை குஞ்சு பொரித்தது. தூண்டிலுக்கென்று விட்ட மீன், விராலடிப்பானையும் வாழ்விக்கிறது. ஒருவர் இழப்பது சில மீன்கள். ஒரு நாடு மீண்டும் பெற்றது ஓர் உயிரினம்.

புலம்பெயர்ந்து வாழும் நம்மனோர்க்கு இதில் இன்னுமொரு செய்தி உண்டு. இலையுதிர்காலத்தில் ஆப்பிரிக்காவின் மேற்குக் கரைக்குச் செல்லும் இளம்பறவை, அங்கேயே ஈராண்டளவு தங்கி வளர்கிறது. திரும்பும்போது அது நாடுவது பெரும்பாலும் தான் முட்டையிலிருந்து வெளிவந்த இடத்தையன்று. முதன்முதல் சிறகு விரித்துப் பறந்த இடத்தையே. ரட்லண்டு முயற்சி வென்றது இவ்வியல்பினால்தான். பிறந்த மண் ஒன்று, சிறகு விரித்த மண் மற்றொன்று என வாழும் நாம் அப்பறவையின் உள்ளத்தை எளிதில் உணர்வோம். வந்த பறவைக்கு ஒரு மரமும் சில மீன்களும் விட்டுக்கொடுத்த நாடு, அதனால் வறுமையுற்றதில்லை. பகிர்ந்து வாழ்வதே வழக்கைத் தீர்க்கும் வழி.