மூச்சு இளைப்பு எல்லாம் ஆஸ்துமாவா? இளம் வயதினரிடம் காரணம் கண்டறியப்படுவது எப்படி?

புதுடெல்லி: இருபது வயதைக் கடந்த ஒருவருக்கு இரவில் மூச்சு இளைக்கிறது; மார்பில் விசில் போன்ற ஒலி கேட்கிறது. அருகிலுள்ள கிளினிக்கில் நெபுலைசர் வைத்ததும் ஆறுதல் கிடைக்கிறது. சில வாரங்களில் மீண்டும் அதே தொல்லை. இத்தகையோரில் ஒரு சாரார் 'ஆஸ்துமா' என்ற முடிவுடன் ஆண்டுக்கணக்கில் இன்ஹேலர் பயன்படுத்துகின்றனர். மற்றொரு சாரார், திருமணப் பேச்சு தடைபடும் என்ற அச்சத்தில் அப்பெயரையே தவிர்த்து, 'வெறும் சளி' என்று சிகிச்சையைத் தள்ளிப்போடுகின்றனர். இரு சாராரிடமும் விடுபட்டுப்போவது, காரணத்தை உறுதிசெய்யும் பரிசோதனையே.

உலக நோய்ச்சுமை ஆய்வின் 2019ஆம் ஆண்டு மதிப்பீட்டின்படி, இந்தியாவில் சுமார் 3.4 கோடி பேருக்கு ஆஸ்துமா உள்ளது. ஆனால், இளைப்பு உள்ள அனைவருக்கும் ஆஸ்துமா இருப்பதில்லை. ஆஸ்துமா எனக் கூறப்பட்ட 613 பேரைக் கனடாவில் மறுபரிசோதனை செய்து, 2017இல் வெளியான ஆய்வில், ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினருக்கு அப்போது ஆஸ்துமா இல்லை எனத் தெரியவந்தது. அவர்களுள் 12 பேருக்கு இதயம் அல்லது நுரையீரல் சார்ந்த வேறு தீவிர நோய் இருந்தது.

கேள்விகளே முதல் சோதனை

நோயாளியின் பதில்களே மருத்துவருக்கு முதல் தடயம். இரவிலும் அதிகாலையிலும் தொல்லை மிகுவது, தூசி, புகை, குளிர்காற்று ஆகியவற்றால் தூண்டப்படுவது, இடையிடையே முற்றிலும் நலமாக இருப்பது ஆகியவை ஆஸ்துமாவைச் சுட்டுகின்றன. சிறுவயதில் தோல் அரிப்பு, அடுக்குத் தும்மல் இருந்ததா, குடும்பத்தில் எவருக்கேனும் ஆஸ்துமா உண்டா என்பதும் கேட்கப்படும்.

பணியிடமும் முக்கியம். பேக்கரி மாவு, பஞ்சுத் தூசி, பெயிண்ட் ஸ்பிரே ஆகியவற்றிடையே பணிபுரிபவருக்கு விடுமுறை நாட்களில் தொல்லை குறைந்தால் காரணம் அங்கேயே இருக்கலாம். ஆஸ்பிரின், இபுபுரூஃபன் போன்ற வலி நிவாரணிகளும், ஒற்றைத் தலைவலிக்கும் படபடப்புக்கும் தரப்படும் புரோப்ரனலோல் மாத்திரையும் சிலருக்கு இளைப்பைத் தூண்டும்.

ஊதிப் பார்க்கும் சோதனை

அடுத்தது ஸ்பைரோமெட்ரி. மூச்சை முழுமையாக இழுத்து, குழாயில் வேகமாக ஊதும்போது முதல் ஒரு விநாடியில் வெளியேறும் காற்று அளக்கப்படுகிறது. பின்னர் மூச்சுக்குழாயை விரிக்கும் மருந்து கொடுத்து, 10 முதல் 15 நிமிடங்களுக்குப் பிறகு மீண்டும் ஊதச் செய்கின்றனர். அந்த அளவு 12 சதவீதத்திற்கு மேலாகவும், 200 மில்லி லிட்டருக்கு மேலாகவும் உயர்ந்தால், அறிகுறிகளோடு சேர்த்து ஆஸ்துமாவுக்கு வலுவான சான்றாகிறது.

முடிவு இயல்பாக இருந்தாலும் ஆஸ்துமா இல்லை என்று கூறிவிட முடியாது; அது நேரத்திற்கு நேரம் மாறும் நோய். அத்தகையோர் பீக் ஃப்ளோ மீட்டரில் இரு வாரங்கள் காலையும் மாலையும் ஊதிக் குறித்துவர வேண்டும். தேவைப்பட்டால் மெத்தகோலின் அல்லது உடற்பயிற்சி மூலம் தூண்டிப் பார்க்கும் சோதனை செய்யப்படும். தொடர் சிகிச்சைக்குப் பின் அறிகுறிகள் அடங்கிவிடும் என்பதால், அவசரம் இல்லாத நிலையில் அதைத் தொடங்கும் முன்பே சோதிப்பது நல்லது.

ஆஸ்துமா போல் தோன்றுபவை

ஆஸ்துமாவில் இளைப்பு ஒலி பெரும்பாலும் மூச்சை வெளிவிடும்போது கேட்கும். மூச்சை இழுக்கும்போது தொண்டையில் ஒலியும் இறுக்கமும் ஏற்பட்டு, இன்ஹேலர் பலனளிக்காவிட்டால், குரல்நாண்கள் தவறாக மூடிக்கொள்வது காரணமாகலாம். மார்பின் ஒரு பக்கத்தில் மட்டும் ஒலி கேட்டால் மூச்சுக்குழாயில் காசநோய், கட்டி, சிக்கிய பொருள் ஆகியவற்றுள் ஒன்று அடைப்பை ஏற்படுத்தியிருக்கலாம். இதற்கு சிடி ஸ்கேன், பிராங்கோஸ்கோப்பி ஆகியவை உதவும்.

யானைக்கால் நோய் பரவியுள்ள பகுதிகளில், அந்த ஒட்டுண்ணிக்கு உடல் காட்டும் எதிர்வினையாலும் இரவு இருமலும் இளைப்பும் வரும். ரத்தத்தில் இயோசினோபில் அணுக்கள் மிக அதிகமாக இருப்பது இதன் அடையாளம். படுத்தால் மூச்சு முட்டுவது, கர்ப்ப காலத்தில் திணறல் கூடுவது ஆகியவை, ருமாட்டிக் காய்ச்சலால் இதய வால்வு சுருங்கியதன் அறிகுறியாக இருக்கலாம். எக்கோ பரிசோதனை அதை வெளிப்படுத்தும்.

காத்திருக்கக் கூடாத நேரம்

ஒரு வாக்கியத்தை முழுமையாகப் பேச முடியாத திணறல், உதடு நீலமாதல், இன்ஹேலருக்கும் அடங்காத இளைப்பு, மயக்கம் ஆகியவை அவசர நிலை. திடீர் நெஞ்சுவலியுடன் வரும் திணறலும், ஒரு காலில் வீக்கத்துடன் வரும் திணறலும் அவ்வாறே. அப்போது சோதனைக்குக் காத்திராமல் 108 ஆம்புலன்ஸை அழைக்க வேண்டும்.

ஆஸ்துமா உறுதியானால் அஞ்சத் தேவையில்லை. இன்ஹேலர் மருந்து நேரடியாக நுரையீரலுக்குச் செல்வதால் குறைந்த அளவே போதும், அது அடிமைப்படுத்துவதில்லை. அதேவேளை, உடனடி ஆறுதல் தரும் மருந்தை மட்டும் நம்பியிருப்பது ஆபத்தானது. மூச்சுக்குழாயின் அழற்சியைக் குறைக்கும் மருந்தும் தேவை என 2019 முதல் சர்வதேச வழிகாட்டுதல்கள் வலியுறுத்துகின்றன.

ஊதிப் பார்க்கும் சோதனை செய்யாமலேயே இன்ஹேலர் பயன்படுத்தி வருபவர்கள், அதைத் தாங்களாக நிறுத்திவிடக் கூடாது. அடுத்த முறை மருத்துவரைச் சந்திக்கும்போது, எந்தச் சோதனையின் அடிப்படையில் நோய் உறுதிசெய்யப்பட்டது என்று கேட்டுத் தெரிந்துகொள்வது அவசியம்.