மண்ணும் மன்றமும்

கோலசிலாங்கூர் வட்டாரத் தோட்டங்களில் பால்மரம் சீவியவருள் தமிழர் மிகப் பலர். மலாயாவில் கடன் கொடுத்துத் தோட்ட உடைமையாளரானவருள் நகரத்தாரும் இருந்தனர். குடும்பம் செட்டிநாட்டிலும் நிலம் கடலுக்கு அப்பாலும் இருந்தமையால், பாகப்பிரிவினையின்போது ஒரு வினா எழுந்தது: எந்த மன்றம் விசாரிப்பது?

1893ஆம் ஆண்டு மொசாம்பிக் வழக்கில் பிரித்தானியப் பிரபுக்கள் சபை இதற்கு விடை கூறியது. அயல்நாட்டு நிலத்தின் உரிமையை இங்கிலாந்து மன்றங்கள் தீர்மானிக்க இயலாது என்பதே அது. இந்திய உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் (1908) 16ஆம் பிரிவும் நிலவழக்கை நிலம் அமைந்த எல்லையின் மன்றத்திற்கே உரியதாக்குகிறது. பர்மா நிலமும் அடங்கிய செட்டியார் குடும்ப வழக்கொன்றில் இவ்வாட்சேபம் இந்திய உச்ச நீதிமன்றம் வரை சென்று, 1960இல் ஆராயப்பட்டது. மலேசியாவின் 1964ஆம் ஆண்டு நீதிமன்றச் சட்டமும் 23ஆம் பிரிவில், தகராற்று நிலம் அமைந்த இடத்தை அதிகார வரம்பின் அடிப்படைகளுள் ஒன்றாக வைத்துள்ளது.

ஒரே நாட்டு மன்றங்களுக்கிடையே எல்லை ஆட்சேபத்தைத் தொடக்கத்திலேயே எழுப்புதல் வேண்டும் என்பது இந்தியச் சட்டத்தின் 21ஆம் பிரிவு. அயல்நாட்டு நிலத்திலோ, எதிர்வாதியின் மௌனம் இல்லாத அதிகாரத்தை மன்றத்திற்கு ஈந்துவிடாது. மலேசியாவில் நிலவுரிமைக்குப் பதிவேடே ஆதாரம். எனவே, 2007இல் பெஸ்தாரி ஜெயா எனப் பெயர் மாறிய பத்தாங் பெர்ஜுந்தையில் ஒரு தோட்டத்தின் உரிமையைக் காரைக்குடித் தீர்ப்பு தானே மாற்றிவிடாது. மன்றம் மாறி வழக்கிடும் வாரிசு, பொருளையும் காலத்தையும் ஒருங்கே இழப்பார்.