அந்நிய மண்ணில் உறங்கும் விமானி

நீலகிரியில் ஊழியம் செய்யும் ஆயர்கள் தங்கள் ஆலயச் சுவர்களிலுள்ள நினைவுக் கற்பலகைகளை நன்கு அறிவர். 1829ஆம் ஆண்டில் அடிக்கல் நாட்டப்பெற்ற உதகமண்டலம் தூய ஸ்தேவான் ஆலயத்திலும் அத்தகைய பலகைகள் உண்டு. தாயகத்தை விட்டு வெகுதொலைவில் மரித்த ஆங்கிலேயரின் பெயர்களை அவை காத்து நிற்கின்றன. ஆனால், நம் நாட்டில் பிறந்து கடலுக்கப்பால் அடக்கம் பண்ணப்பட்டோரை நாம் எவ்வாறு நினைவுகூருகிறோம்?

வெலிங்டனிலுள்ள முப்படை அலுவலர் கல்லூரியில் விமானப்படை அலுவலர்களும் பயிலுகின்றனர். இந்திய விமானப்படை தோன்றியது 1932இல். அதற்கு முன்னரே வானில் போரிட்டு மடிந்தவர் இந்திரலால் ராய். 1898 டிசம்பர் 2 அன்று கல்கத்தாவில் பிறந்த அவர், லண்டன் தூய பவுல் பள்ளியில் கற்று, 1917இல் பிரிட்டிஷ் பறக்கும் படையில் சேர்ந்தார். அவ்வாண்டு டிசம்பரில் அவரது விமானம் நொறுங்கி விழுந்தது. பறக்கத் தகுதியற்றவர் என்று ஒதுக்கப்பட்ட பின்னும், மன்றாடி மீண்டும் பறந்தார். 1918 ஜூலையில் இரு வாரங்களுக்குள் பத்து வான்வெற்றிகள் அவர் பெயரில் பதிவாயின. ஜூலை 22 அன்று பிரான்சில் சுட்டு வீழ்த்தப்பட்டபோது அவருக்கு வயது பத்தொன்பது. சிறப்புப் பறத்தற்பதக்கம் அவர் மரித்த பின்னரே வழங்கப்பட்டது.

போரில் மாண்டோரின் உடல்களைத் தாயகம் கொண்டுசெல்லுவது 1915லேயே தடைசெய்யப்பட்டிருந்தது. ஆகவே, அவர் உடல் பிரான்சின் எஸ்தவெல் ஊர்க் கல்லறைத் தோட்டத்தில் தங்கிற்று. கல்லறையில் பிரெஞ்சு மொழியோடு வங்காள எழுத்துக்களும் பொறிக்கப்பட்டுள்ளன. மகனை வீட்டிற்கு அழைத்துவர இயலாத குடும்பம், தாய்மொழியை அவனிடம் அனுப்பிவைத்தது எனலாம்.

எல்லாருக்கும் இப்பேறு கிட்டவில்லை. பாஸ்ரா நினைவுச் சின்னத்தில் இந்திய அதிகாரிகளின் பெயர்கள் பொறிக்கப்பட்டன. சாதாரண இந்தியச் சிப்பாய்களோ வெறும் எண்ணிக்கையாகவே குறிக்கப்பட்டனர். சென்னை மாகாணத்தின் சாப்பர்ஸ் படையினரும் அந்த மெசப்பொத்தாமியப் போர்முனையில் பணியாற்றியவர்களே. முதல் உலகப்போரில் மாண்டோருள் குறைந்தது 1,16,000 பேர் பெயரால் நினைவுகூரப்படவில்லை, அல்லது நினைவுகூரப்படவே இல்லை எனக் காமன்வெல்த் போர்க்கல்லறை ஆணையத்தின் குழு 2021இல் ஒப்புக்கொண்டது. இவர்களில் பெரும்பாலோர் கிழக்கு ஆப்பிரிக்காவையும் எகிப்தையும் சேர்ந்தோர்.

ஆடுகளைப் பெயர் சொல்லி அழைக்கும் மேய்ப்பரை அறிவிக்கும் திருச்சபைக்கு இது சிறு காரியமன்று. நவம்பர் மாத நினைவு ஆராதனையில் சுவரிலுள்ள பெயர்களை மட்டும் வாசித்து முடிப்பது போதுமா? நம் சபைப் பதிவேடுகளைப் புரட்டுவோம், முதியோரிடம் கேட்போம், தேயிலைத் தோட்டக் குடியிருப்புகளிலிருந்து படைக்குச் சென்று திரும்பாதவர் எவரேனும் உண்டோ என விசாரிப்போம். மரித்தோரின் பெருமைக்காக அல்ல, போரை மகிமைப்படுத்தவும் அல்ல. தேவன் அறிந்த ஒரு பெயரை அவருடைய சபை மறந்திருத்தலாகாது என்பதற்காகவே இதைச் செய்யக் கடவோம்.