இஞ்சின் மாறினால் முள்ளும் மாற வேண்டும்

கார் டேஷ்போர்டில் வேகம் காட்டும் வட்டத்துக்குப் பக்கத்தில் இன்னொரு வட்டம் இருக்கும். இஞ்சின் நிமிடத்துக்கு எத்தனை சுற்று சுற்றுகிறது என்று காட்டுவது அதன் வேலை. புத்தகத் தமிழில் சுழற்சிமானி, ஆங்கிலத்தில் டேக்கோமீட்டர், எங்கள் பட்டறையில் ஆர்.பி.எம். மீட்டர். வாகன மின்பிரிவில் பல வருடம் வேலை பார்த்தவன் என்பதால் இந்தச் சின்ன வட்டத்தின் மேல் எனக்கு ஒரு தனிப் பிரியம் உண்டு.

இதன் வயது இருநூறு ஆண்டுகளுக்கு மேல். இங்கிலாந்தின் பிரையன் டாங்கின் என்ற பொறியாளர் இயந்திரங்களின் சுழற்சி வேகத்தை அளக்க ஒரு கருவி செய்து, 1810இல் அங்குள்ள கலைக் கழகத்தின் தங்கப் பதக்கம் பெற்றார். ஒரு கிண்ணத்தில் பாதரசம். கிண்ணம் சுற்றச் சுற்றப் பாதரசம் ஓரத்துக்கு ஏறி நடுவில் குழியும். அந்தக் குழிவுக்குத் தக்கபடி மேலே உள்ள கண்ணாடிக் குழாயில் நிறமேற்றிய திரவம் இறங்கும். 1817இல் ஜெர்மனியின் டீட்ரிக் உல்ஹார்ன் இன்னொரு வகை செய்தார். மோட்டார் வண்டி வந்தபோது கேபிள் முறை வந்தது. இஞ்சினிலிருந்து ஒரு முறுக்குக் கம்பி வந்து மீட்டருக்குள் காந்தத்தைச் சுற்றும். காந்தம் ஒரு உலோகக் கிண்ணத்தை இழுக்கும். கிண்ணத்தோடு முள் நகரும்.

1960களில் மின்சார மீட்டர் பரவியது. அது சுற்றை எண்ணுவதில்லை, தீப்பொறியை எண்ணுகிறது. நான்கு ஸ்ட்ரோக் பெட்ரோல் இஞ்சினில் ஒவ்வொரு சிலிண்டருக்கும் இரண்டு சுற்றுக்கு ஒரு பொறி. ஆக நான்கு சிலிண்டருக்குச் சுற்றுக்கு 2 பொறி, ஆறுக்கு 3, எட்டுக்கு 4. மீட்டர் செய்தவர் இந்தக் கணக்கை உள்ளேயே வைத்துப் பூட்டிவிடுகிறார். இஞ்சினை மாற்றியவர் மீட்டரை மறந்தால் முள் பொய் சொல்லத் தொடங்கும்.

இதற்கு நல்ல உதாரணம் எம்.ஜி.பி. என்ற பிரிட்டிஷ் கார். 1962இல் வந்தது, 1798 சி.சி., நான்கு சிலிண்டர். நம் அம்பாசடரின் பழைய 1489 சி.சி. இஞ்சினும் இதுவும் பி.எம்.சி. நிறுவனத்தின் ஒரே பி-வரிசைக் குடும்பம், சித்தப்பா பெரியப்பா பிள்ளைகள் மாதிரி. அந்தச் சின்ன எம்.ஜி.பி.க்குள் கென் காஸ்டெல்லோ என்பவர் ரோவர் நிறுவனத்தின் 3528 சி.சி. எட்டு சிலிண்டர் இஞ்சினை இறக்கிக் காட்டினார். அந்த இஞ்சினின் பூர்வீகம் அமெரிக்காவின் பியூக். அலுமினியத்தால் ஆனதால் எடை குறைவு. பிறகு தொழிற்சாலையே 1973 முதல் 1976 வரை வி-8 மாடலை விற்றது. மொத்தம் 2591 வண்டிகள். இன்றும் பலர் வீட்டுக் கொட்டகையில் இந்த மாற்றத்தைச் செய்துகொள்கிறார்கள்.

பழைய நான்கு சிலிண்டர் மீட்டரை அப்படியே விட்டால், இஞ்சின் 800இல் நின்று ஓடும்போது முள் 1600 காட்டும். மீட்டரைத் திறந்து, ஒவ்வொரு பொறிக்கும் முள் நகரும் அளவைப் பாதியாக்க வேண்டும். உள்ளே இருக்கும் மின்தடையத்தை மாற்றிச் சரிசெய்வார்கள். ஆரம்பகால ஸ்மித்ஸ் மீட்டர்களில் இன்னொரு சங்கடம். காயிலுக்குப் போகும் ஒயரையே மீட்டரின் முதுகில் ஒரு சுற்றுச் சுற்றி, அதில் ஓடும் மின்னோட்டத்தை மோப்பம் பிடிக்கும் முறை அது. பிளாட்டினம் பாயிண்டை எடுத்துவிட்டு எலக்ட்ரானிக் இக்னிஷன் போட்டால், அந்த மின்னோட்டத்தின் போக்கே மாறிவிடும். முள் துள்ளும், இல்லையென்றால் செத்துக் கிடக்கும்.

நம் ஊர்க் கதை வேறு. இங்கே பெட்ரோலைவிட டீசல் மலிவு. தொழிற்சாலை டீசல் அம்பாசடரைக் கொண்டுவந்த பிறகும் கூட, பெட்ரோல் இஞ்சினைக் கழற்றி மெட்டடார் வேனின் டீசல் இஞ்சினைப் பொருத்துவது ஒரு காலத்தில் பட்டறைகளில் சாதாரணமாக இருந்தது. டீசலில் தீப்பொறியே கிடையாது. அப்போது மீட்டர் எதை எண்ணும்? ஆல்டர்னேட்டரை. அதன் பின்னால் டபிள்யூ என்று ஒரு முனை உண்டு. பன்னிரண்டு துருவ ஆல்டர்னேட்டர் ஒரு சுற்றுக்கு 6 துடிப்பு தரும். கிராங்க் புல்லி 150 மில்லிமீட்டர், ஆல்டர்னேட்டர் புல்லி 75 மில்லிமீட்டர் என்றால், இஞ்சின் ஒரு சுற்று சுற்ற ஆல்டர்னேட்டர் இரண்டு சுற்று. ஆக இஞ்சின் சுற்றுக்கு 12 துடிப்பு.

வால்பாறைப் பக்கம் ஒரு எஸ்டேட் ஜீப். டீசலுக்கு மாற்றி, தனியாக மீட்டரும் வைத்திருந்தார்கள். நல்லபடியாக ஓடிக்கொண்டிருந்த வண்டியில் ஆல்டர்னேட்டர் போய்விட, வெளிப் பட்டறை ஒன்றில் வேறொரு வண்டியினுடையதைப் பொருத்திக் கொடுத்தார்கள். சார்ஜ் நன்றாகவே ஏறியது. டிரைவர் மட்டும் ஒத்துக்கொள்ளவில்லை. என்னைவிடப் பத்து வயது மூத்தவர். "மீட்டரு பொய் சொல்லுதுங்க சார். இந்தச் சத்தத்துக்கு இந்த நம்பர் இல்லீங்க" என்றார்.

"எத்தனை நாளாண்ணே?" என்று கேட்டேன்.

"ஆல்டர்னேட்டர் மாத்துன நாள்ல இருந்துங்க. டீசலும் கூடக் குடிக்குது."

கிராங்க் புல்லியில் ஒளி பிரதிபலிக்கும் நாடாத் துண்டு ஒட்டி, கையில் பிடிக்கும் ஒளி மீட்டரைக் காட்டினேன். முள் 750 என்றது, உண்மை 900. புதிய புல்லியை அளந்தால் 90 மில்லிமீட்டர். 12 துடிப்பு வர வேண்டிய இடத்தில் 10தான் வருகிறது. பட்டறைக்காரர்கள் முள் 750 காட்டும்வரை ஐடிலிங்கைத் திருகி ஏற்றிவிட்டிருக்கிறார்கள். டீசல் கூடச் செலவானதற்கு அதுவும் ஒரு காரணம்.

அதைவிடப் பெரிய ஆபத்து மலை இறக்கத்தில். டீசல் இஞ்சினில் கவர்னர் இருக்கிறதே, மிஞ்சிப் போகாதே என்று சிலர் கேட்பார்கள். கவர்னர் தடுப்பது டீசலை மட்டும்தான். ஆழியாறுக்கு இறங்கும் 40 கொண்டை ஊசி வளைவுகளில் இரண்டாம் கியரில் வரும்போது, சக்கரம்தான் இஞ்சினைச் சுற்றுகிறது. அதைக் கவர்னரால் பிடித்து நிறுத்த முடியாது. முள் 4000 காட்டும்போது உண்மையில் 4800. முள்ளை நம்பி இறக்குகிற ஒரு புது டிரைவர் கையில் அந்த இஞ்சின் எத்தனை நாள் தாங்கும்? வண்டியில் தோட்ட வேலைக்குப் போகிறவர்கள் வேறு இருப்பார்கள்.

மீட்டரின் பின்னால் இருந்த சரிசெய்யும் திருகைத் திருப்பி, ஐடிலிங்கைப் பழைய 750க்கு இறக்கி, 2000, 3000 ஆகிய இடங்களிலும் ஒளி மீட்டரோடு ஒப்பிட்டேன். ஒரே இடத்தில் பொருந்தினால் போதாது. மேலே போகப் போக விலகும் மீட்டர்கள் உண்டு. டிரைவர் சத்தத்தைக் கேட்டுத் தலையாட்டிய பிறகுதான் போனட்டை மூடினேன்.

இப்போதைய வண்டிகளில் கிராங்கில் பல்சக்கரம். 60 பல்லுக்கு இடம் விட்டு 2 பல்லை எடுத்துவிட்ட அமைப்பு பரவலானது. சென்சார் அதைப் பார்க்கிறது, கணினி கணக்குப் போட்டு டேஷ்போர்டுக்குச் செய்தியாக அனுப்புகிறது. அங்கும் வேறு இஞ்சினை இறக்கினால், அதன் கணினி பேசுவது பழைய டேஷ்போர்டுக்குப் புரிவதில்லை. நடுவில் மொழிபெயர்க்க ஒரு பெட்டி வைக்கிறார்கள்.

கருவி எதுவானாலும் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: இஞ்சின் ஒரு சுற்று சுற்றினால் இந்த மீட்டருக்கு எத்தனை துடிப்பு வருகிறது? இஞ்சின் மட்டுமல்ல, ஆல்டர்னேட்டரோ புல்லியோ மாற்றினாலும் இதைக் கேளுங்கள். வண்டியைத் தினம் ஓட்டுகிறவர் சத்தம் சரியில்லை என்றால், அதையும் காது கொடுத்துக் கேளுங்கள்.