ரசிகர்கள் முன்பணம் கட்டிய பாட்டுக்குழு

கொஞ்சம் நீளமான பதிவு. பொறுமையாகப் படியுங்கள்.

என்னிடம் ஐந்தாம் வகுப்பு படித்த தம்பி ஒருவர் போன வாரம் போன் செய்தார். நண்பர்களோடு ராக் இசைக்குழு நடத்துகிறாராம். "எந்த கம்பெனியும் எடுக்கலை டீச்சர். கைக்காசு போட்டு எத்தனை நாளைக்கு ஓட்டுறது?" என்றார். அவருக்குச் சொன்ன மரில்லியன் கதைதான் இது.

இங்கிலாந்தில் ஐல்ஸ்பரி என்ற ஊரில் 1979ல் தொடங்கிய குழு. டோல்கீன் எழுதிய 'சில்மரில்லியன்' நூலின் பெயரை வைத்து, பிறகு சுருக்கிக்கொண்டார்கள். 1985ல் இவர்களின் 'கெய்லீ' பாட்டு பிரிட்டனில் இரண்டாம் இடம் பிடித்தது. அந்த ஆல்பமோ முதலிடம். கெய்லீ என்று பெண் குழந்தைகளுக்குப் பெயர் வைப்பது அதன்பின் அங்கே பரவியது. சினிமாவில் வந்த பெயர்கள் வருகைப் பதிவேட்டில் வரிசையாக வருவதை நானும் பார்த்தவள்தானே!

1988ல் முதன்மைப் பாடகர் ஃபிஷ் விலகினார். மறு ஆண்டு ஸ்டீவ் ஹோகார்த் வந்தார். பாட்டு ஆழமானது, விற்பனை இறங்கியது. 1995 ஆல்பத்தோடு ஈ.எம்.ஐ. நிறுவனத்தின் ஒப்பந்தம் முடிந்தது. அடுத்துக் கிடைத்தது ஒரு சிறிய நிறுவனம்.

1997ல் அமெரிக்க ரசிகர்கள் "எங்கள் நாட்டுக்கு எப்போது வருவீர்கள்?" என்று இணையத்தில் கேட்டார்கள். கீபோர்டு வாசிக்கும் மார்க் கெல்லி ஒளிக்காமல் சொன்னார்: வந்தால் சுமார் 60,000 டாலர் நட்டம், கட்டுப்படியாகாது. ரசிகர்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? தாங்களே ஒரு வங்கிக் கணக்கு தொடங்கி அந்தத் தொகையைத் திரட்டிவிட்டார்கள். குழு கேட்கவில்லை, அந்தப் பணத்தில் கையும் வைக்கவில்லை. சுற்றுப்பயணம் நடந்தது. கிக்ஸ்டார்ட்டர் என்ற இணையதளம் வந்ததே 2009ல்தான்!

அடுத்த முறை குழுவே துணிந்தது. "ஒரு பாட்டுகூட இன்னும் பதிவாகவில்லை, ஆல்பத்துக்கு இப்போதே பணம் கட்டுவீர்களா?" என்று ரசிகர்களுக்கு மின்னஞ்சல் அனுப்பினார்கள். 12,000 பேருக்கு மேல் கட்டினார்கள். 2001ல் வெளிவந்த அந்த ஆல்பத்தின் பெயர் 'அனோராக்னோஃபோபியா'. அனோராக் என்பது தொப்பி வைத்த மழைக்கோட்டு. ஒன்றின் மேல் பித்துப் பிடித்துத் திரிகிறவர்களையும் அங்கே கேலியாக அப்படித்தான் சொல்வார்கள். தங்கள் ரசிகர்களைத்தான் செல்லமாகச் சீண்டியிருக்கிறார்கள். கடைகளுக்கு அனுப்பும் வேலையைச் செய்தது பழைய ஈ.எம்.ஐ.தான். ஆனால் பாட்டின் உரிமை குழுவிடமே இருந்தது. எனக்கு முக்கியமாகப் படுவது இந்த இடம்தான்.

இதைப் பிச்சை என்று சிலர் நினைக்கலாம். நான் ஒப்பமாட்டேன். உ.வே.சா. 1887ல் சீவக சிந்தாமணியை அச்சிட்டபோது முன்கூட்டியே கையொப்பம் வாங்கித்தானே பணம் சேர்த்தார்? வரப்போகும் புத்தகத்தை நம்பிக் கொடுத்த காசு அது. கொடுத்தவரை ஏமாற்றாமல் இருப்பதுதான் வாங்கியவர் பாடு.

அந்தப் பாட்டை இவர்கள் படவும் செய்தார்கள். 2004ல் 'மார்பிள்ஸ்' ஆல்பத்துக்கு முன்பணம் கட்டியவர்களின் பெயர்களைச் சிறப்புப் பதிப்பின் புத்தகத்தில் அச்சிட்டார்கள். நெதர்லாந்தின் போர்ட் ஸேலாண்ட் என்ற கடலோர விடுதியில் வாரயிறுதிச் சந்திப்பு நடத்தி, ஒரு முழு ஆல்பத்தையும் வரிசை மாறாமல் வாசிப்பார்கள். பல நாடுகளிலிருந்து ஆட்கள் வருகிறார்கள். 2016 ஆல்பம் பிரிட்டனில் நான்காம் இடம், 2022 ஆல்பம் இரண்டாம் இடம். 1989ல் இருந்த அதே ஐந்து பேர்தான் இரண்டிலும் வாசித்தவர்கள்.

தம்பி, உன்னிடம் இப்போது இருநூறு ரசிகர்கள் என்றாய். அவர்கள் பெயரையும் போன் நம்பரையும் ஒரு நோட்டில் எழுதி வைத்திருக்கிறாயா?